அழுத்தக்காரன் என்று பெயர் வாங்கிய பிள்ளை: ஒரு மூளை ஸ்கேனும் ஒரு நாடித்துடிப்பும்

எழுதும் முன்

சிறுவனும் அவனுடைய தாயும் ஒப்புதல் தந்த பிறகே இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிகிச்சையின் போக்கைத் தீர்மானித்த எதையும் மாற்றவில்லை. பதின்பருவத்தினருக்கான மனநலப் பிரிவு ஒன்றில் உளவியலாளராகப் பணிபுரிகிறேன். முதல் நாளிலிருந்து அவனுடைய பொறுப்பு என்னிடம்தான் இருந்தது. எனவே கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை என்னுடையவை.

பின்னணி

அவனுக்கு அப்போது 14 வயது. பள்ளி மாடிப்படியில் தன்னைவிட இரண்டு வயது இளைய மாணவனைத் தள்ளிவிட்டான். விழுந்தவனுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. தள்ளியதைக் காட்டிலும் அதன் பிறகு நடந்ததுதான் பார்த்தவர்களை உலுக்கியது. கீழே கிடந்தவன் வலியில் அலறிக்கொண்டிருக்க, இவன் மேல்படியிலேயே நின்றான். முகத்தில் சலனமே இல்லை. ஆசிரியர் ஓடிவந்து தோளைப் பிடித்தபோது, “நான் வகுப்புக்குப் போகலாமா?” என்று கேட்டிருக்கிறான். பள்ளி எங்களுக்கு அனுப்பிய கடிதத்தில் அந்த ஒரு வரி அடிக்கோடிடப்பட்டிருந்தது.

அதற்கு முன்பும் புகார்கள் உண்டு. ஒன்பது வயதில் வகுப்புத் தோழர்களின் பைகளிலிருந்து பணம் எடுத்திருக்கிறான். பதினொன்றில், ஆளில்லாத இடத்தில் சருகுகளைக் குவித்துத் தீ வைத்திருக்கிறான். கடந்த ஓராண்டில் அடிதடி, மிரட்டல், வகுப்பைத் தவிர்த்தல் எல்லாம் சேர்ந்துவிட்டன. கண்டித்தாலும் தண்டித்தாலும் அழுவதில்லை, கெஞ்சுவதில்லை. “சரியான அழுத்தக்காரன்” என்று இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லை அப்போது நானும் அவர்கள் வாசித்தது போலவே வாசித்தேன்.

வீட்டில் தாய், எட்டு வயதுத் தங்கை, இவன் என மூவர். தந்தை பிரிந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் சந்திப்பில் வீட்டு நிலவரத்தைக் கேட்டபோது, “இப்போது ஒரு பிரச்சினையும் இல்லை” என்றார் தாய். ‘இப்போது’ என்ற சொல்லை அவர் சற்று அழுத்திச் சொன்னது என் குறிப்பேட்டில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்டதாகக் குறிப்பில்லை. கேட்கவும் இல்லை. அப்போது சிறுவனும் அதே அறையில் இருந்தான்.

பள்ளி அவனை விலக்கி வைத்திருந்தது. சிறார் விசாரணைக் குழுவின் முன் ஏழு வாரங்களில் ஆஜராக வேண்டும். அதற்கு எங்கள் மதிப்பீட்டு அறிக்கை தேவைப்பட்டது.

முதல் நான்கு அமர்வுகளில் கண்டவை

நடத்தைக் கோளாறு என்று முடிவு செய்வது கடினமாக இல்லை. மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும், 2013-இல் வெளியான டி.எஸ்.எம்.-5 கையேடு 15 நடத்தைகளைப் பட்டியலிட்டு, அவற்றில் குறைந்தது மூன்று கடந்த 12 மாதங்களில் காணப்பட வேண்டும் என்கிறது. அவனிடம் ஐந்து இருந்தன. பத்து வயதுக்கு முன்பே ஒன்று தொடங்கியிருந்ததால் ‘குழந்தைப் பருவத்தில் தொடங்கிய வகை’ என்ற குறிப்பும் சேர்ந்தது.

அதே கையேட்டில் இன்னொரு துணைக்குறிப்பு உண்டு: பிறர்நல உணர்வுகள் குறைந்த வகை. செய்ததற்கு வருந்தாமை, பிறர் துன்பத்தில் அக்கறையின்மை, தன் செயல்திறன் பற்றிக் கவலையின்மை, உணர்ச்சி வெளிப்பாடு மேலோட்டமாக இருத்தல் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு, ஓராண்டுக்கு மேலாக, பல சூழல்களில், பல உறவுகளில் தெரிய வேண்டும். சுருக்கமாக ‘இரக்கமின்மைப் பண்புகள்’ எனப்படும் இவற்றை அளக்கும் 24 கேள்விகள் கொண்ட வினாப்பட்டியலை ஆசிரியர், தாய், சிறுவன் மூவரும் நிரப்பினார்கள். மூன்றிலும் மதிப்பெண் உயர்ந்திருந்தது. நான்கு அம்சங்களும் பொருந்துவதாகவே எனக்குத் தோன்றியது.

பிறகு முகங்களைக் காட்டும் பயிற்சி. மகிழ்ச்சி, துக்கம், கோபம், பயம், அருவருப்பு, வியப்பு ஆகிய ஆறு உணர்ச்சிகளுக்கும் பத்துப் பத்து முகங்கள். கோபமுற்ற முகங்களில் ஒன்பதைச் சட்டென்று சொன்னான். பயந்த முகங்களில் இரண்டை மட்டுமே சரியாகச் சொன்னான். மற்றவற்றை ‘வியப்பு’ என்றான், அல்லது ‘ஒன்றுமில்லை’ என்றான். இத்தகைய பிள்ளைகளுக்குப் பயந்த முகம் பிடிபடுவதில்லை என்பது எங்கள் துறையில் பலமுறை பதிவான செய்தி. புத்தகத்தில் படித்தது எதிரே வந்து உட்கார்ந்திருப்பதாக எண்ணினேன். அந்த எண்ணத்தோடு என் கேள்விகள் குறைந்துபோயின.

கண்டும் கணக்கில் எடுக்காத விஷயங்கள் வேறு சில. எந்த அறையிலும் கதவு தெரியும் நாற்காலியில்தான் உட்காருவான். ஒருநாள் பக்கத்து அறையில் கோப்பு அலமாரி படாரென்று சாத்தப்பட்டபோது அவன் தோள்கள் காது வரை உயர்ந்தன. முகம் மட்டும் அசையவில்லை. நான் முகத்தைத்தான் குறித்துக்கொண்டேன். எங்கள் செவிலியர் ஒவ்வொரு வருகையிலும் உட்கார வைத்து நாடி பார்த்து எழுதியிருந்தார்: 98, 96, 101, 97. கோப்பின் கடைசிப் பக்கத்தில் இருந்த அந்த எண்களை நான் திருப்பியே பார்க்கவில்லை.

ஸ்கேன்

அதே சமயத்தில், எங்களோடு இணைந்து இயங்கும் ஆய்வுக்குழு ஒன்று நடத்தைச் சிக்கலுள்ள பதின்பருவத்தினரைத் தேடிக்கொண்டிருந்தது. தாயும் மகனும் சம்மதித்தார்கள். அவன் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்து, திரையில் வரும் முகம் ஆணா பெண்ணா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். முகங்களில் சில பயந்தவை, சில கோபமானவை, சில எதையும் காட்டாதவை. உணர்ச்சியைப் பற்றிக் கேள்வியே கிடையாது. கேட்காமலேயே மூளை அதை எப்படி எதிர்கொள்கிறது என்பதுதான் ஆய்வு.

இரண்டு வாரங்கள் கழித்துத் தாய் ஒரு வண்ணப் படத்தோடு வந்தார். ஆய்வு உதவியாளர் ஒருவர் அவருடைய ஆர்வத்தைப் பார்த்து, முதற்கட்டக் கணக்கீட்டிலிருந்து ஒரு பக்கத்தை அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார். ‘பயந்த முகங்களைப் பார்க்கும்போது அமிக்டலாவுக்கும் முன்மூளைக்கும் இடையே இணைப்பு குறைவு’ என்று வாய்மொழியாகவும் சொல்லியிருக்கிறார். தாய் என்னிடம் கேட்டது இதுதான்: “அப்படியென்றால் உள்ளே வயர் அறுந்திருக்கிறதா? நான் என்ன செய்தாலும் சேராதா?”

‘இணைப்பு’ என்ற சொல் தமிழில் மின்சாரத்துக்கும் தொலைபேசிக்கும் பழகிய சொல். அது இருக்கும், அல்லது துண்டிக்கப்பட்டிருக்கும். ஆய்வாளர்கள் சொல்வது வேறு. அமிக்டலா என்பது காதுக்கு உட்புறமாக, மூளையின் அடிப்பகுதியில், இருபுறமும் ஒவ்வொன்றாக இருக்கும் சிறு நரம்புத் திரள். வாதுமைப் பருப்பின் வடிவம் என்பதால் கிரேக்கத்தில் அந்தப் பெயர். ஆபத்து, பயம், கவனிக்க வேண்டியது எது என்பவற்றில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. நெற்றிக்குப் பின்னால், நடுக்கோட்டை ஒட்டிக் கீழ்ப்புறமாக இருக்கும் முன்மூளைப் பகுதி அந்த எச்சரிக்கைக்குப் பொருள் சேர்க்கிறது, தேவையானால் தணிக்கிறது. ஸ்கேன் இவற்றுக்கு இடையிலான நரம்புக் கற்றையைப் பார்ப்பதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுவதைப் பார்க்கிறது. அந்த மாற்றமும் நரம்பணு இயங்கி ஐந்தாறு நொடிகள் கழித்தே உச்சத்தை எட்டும். இரு பகுதிகளின் ஏற்ற இறக்கம் எந்த அளவுக்குச் சேர்ந்து போகிறது என்ற கணக்குக்கே ‘இணைப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தாளம் சேரவில்லை என்று சொல்லலாம். தந்தி அறுந்தது என்று சொல்ல முடியாது.

இதைத் தாய்க்கு விளக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. விளக்கி முடித்ததும் அவர் கேட்டார்: “ஆனாலும் படத்தில் குறைவுதானே?” ஆம் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. அந்த வார இறுதியில், கருத்து வேறுபாட்டின் நடுவே அவர் மகனிடம், “உன் மூளையிலேயே குறை இருக்கிறது” என்று சொல்லிவிட்டார். அவனே அதை அடுத்த அமர்வில் வானிலைச் செய்தி வாசிப்பது போல எனக்குச் சொன்னான்.

முதல் முடிவு: படத்தை அறிக்கையில் சேர்ப்பதா?

குடும்பத்தின் வழக்கறிஞர் படத்தை அறிக்கையோடு இணைக்கச் சொன்னார். சிறுவன் மூளையின் குறைபாட்டால் செய்தான் என்றால் தண்டனை குறையும் என்பது அவருடைய கணிப்பு. எங்கள் குழுவிலும் ஒருமித்த கருத்து இல்லை. இளம் மருத்துவர் ஒருவர், பையனுக்குச் சாதகமாக இருக்கக்கூடிய எதையும் மறைக்க நமக்கு உரிமை இல்லை என்று வாதாடினார். அந்த வாதத்தை நான் இன்றும் மதிக்கிறேன். மூத்த மனநல மருத்துவரின் அச்சம் வேறு. ‘பிறவியிலேயே இப்படி’ என்று இன்று இரக்கம் தேடித் தரும் அதே தாள், நாளை ‘இவன் திருந்தவே மாட்டான்’ என்பதற்கும் சான்றாகும் என்றார்.

ஆய்வுகளை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு மாலைகள் பேசினோம். 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று, இரக்கமின்மைப் பண்புகள் கொண்ட சிறார்களுக்குப் பயந்த முகங்களைக் கண்டபோது அமிக்டலா குறைவாகவே இயங்கியதையும், முன்மூளையின் நடுக் கீழ்ப்பகுதியோடு அதன் இணைப்பு வலுவிழந்திருந்ததையும் காட்டியது. இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு அது. ஆனால் 2012-இல் வந்த இன்னொன்று விஷயத்தைச் சிக்கலாக்கியது. நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூட்டம் இல்லை. கண்ணுக்குத் தட்டுப்படாத வேகத்தில் பயந்த முகம் வந்துபோனபோது, இரக்கமின்மைப் பண்புகள் மிகுந்தவர்களின் அமிக்டலா குறைவாகவும், அப்பண்புகள் குறைந்தவர்களின் அமிக்டலா அதிகமாகவும் இயங்கியது. வெளியே இருவரும் அடிக்கிறார்கள், திருடுகிறார்கள். உள்ளே ஒருவரிடம் எச்சரிக்கை மணி மெல்ல ஒலிக்கிறது, மற்றவரிடம் ஓயாமல் ஒலிக்கிறது.

இவை எல்லாம் குழுக்களின் சராசரி. ஒரு குழுவின் சராசரி இன்னொன்றைவிடக் குறைவு என்றாலும், இரு குழுக்களின் பிள்ளைகளும் பெருமளவு ஒரே எல்லைக்குள் கலந்தே கிடப்பார்கள். ஒரு தனிப் பிள்ளையின் எண்ணை எடுத்து அவன் எந்தக் குழு என்று சொல்ல முடியாது. ஒரே ஆளை இருமுறை ஸ்கேன் செய்தால் அதே முடிவு வருமா என்பதும் கேள்வி. 2020-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இப்படி ஒரு வேலையைச் செய்யச் சொல்லி எடுக்கும் மூளை அளவீடுகளின் நம்பகத்தன்மை, முழுமையான 1-க்குச் சராசரியாக 0.4 அளவில்தான் இருக்கிறது என்று கண்டார்கள். ஆட்களைத் தனித்தனியே எடைபோட அது போதவே போதாது. வயது வேறு குறுக்கிடுகிறது. முகங்களைப் பார்க்கும்போது அமிக்டலாவும் முன்மூளையும் சிறு வயதில் ஒருசேர ஏறி இறங்குகின்றன. ஏறத்தாழ பத்து வயதிலிருந்து ஒன்று ஏற மற்றொன்று இறங்கும் போக்குக்கு மாறுகின்றன என்று 2013-இல் ஒரு ஆய்வு காட்டியது. அப்படியிருக்க, வயதைச் சொல்லாமல் ‘குறைவு’ என்று மட்டும் சொன்னால் என்ன பொருள்?

இவற்றுக்கும் மேலாக, ஆய்வுக்குழுவின் தலைவரை நேரில் கேட்டபோது ஒரு விவரம் கிடைத்தது. ஸ்கேனின்போது அவன் தலை நிறைய அசைந்திருக்கிறது. இறுதிக் கணக்கில் அந்தப் பதிவைச் சேர்ப்பதா என்றே அவர்கள் முடிவெடுக்கவில்லை. தலையின் மிகச் சிறிய அசைவும், தொலைவிலுள்ள மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பை உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பது 2012-லேயே தெளிவாக்கப்பட்ட உண்மை. பிள்ளைகள் பெரியவர்களைவிட அதிகம் அசைகிறார்கள். பயந்த பிள்ளைகள் இன்னும் அதிகம் அசையலாம் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

படத்தை இணைப்பதில்லை என்று முடிவு செய்தோம். ஏன் இணைக்கவில்லை என்பதை அறிக்கையிலேயே ஒரு பத்தியாக எழுதினோம். மறைத்தோம் என்ற பேச்சுக்கு இடம் தரக் கூடாது என்று அந்த இளம் மருத்துவர் கேட்டுக்கொண்டதன் பலன் அது. படத்தைக் கொடுத்த முறை குறித்து நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவித்தோம்.

திரும்பிப் பார்த்தது

அந்த வாதங்களுக்கு நடுவே ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டிருந்தது: ஒருவரிடம் மெல்ல ஒலிக்கிறது, மற்றவரிடம் ஓயாமல் ஒலிக்கிறது. இவன் எந்த வகை? முதல் வகை என்று நான் எண்ணியதற்குக் காரணம் அவனுடைய முகம் மட்டுமே.

கோப்பை முதலிலிருந்து படித்தேன். கடைசிப் பக்கத்தில் நாடி எண்கள். சமூக விரோத நடத்தை பற்றிய உடலியல் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் உறுதியான சில முடிவுகளில் ஒன்று, அத்தகைய சிறாருக்கு ஓய்வுநிலை நாடித்துடிப்பு சராசரியாகக் குறைவு என்பது. இவனுடையது ஒவ்வொரு முறையும் நூறை ஒட்டியே இருந்தது. இதுவும் ஒரு தனி எண்தான். மூளைப் படத்தை நம்பக் கூடாது என்று எழுதிவிட்டு நாடியை நம்பினால் அது நேர்மையாகாது. ஆனால் அந்த எண் மேலே கேள்வி கேட்க வைத்தது. அதற்குரிய வேலை அவ்வளவுதான். உடல்நலக் காரணம் ஏதேனும் இருக்கிறதா என்று மருத்துவர் பரிசோதித்தார். ஒன்றும் இல்லை.

தாயைத் தனியாக அழைத்தேன். முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை. சிறுவனுக்கு எட்டு வயதாகும் வரை வீட்டில் அடி ஓயவில்லை என்றார். தந்தை அவரை அடிப்பார். அழுதால் அழுதவருக்கும் விழும், பார்த்தால் பார்த்தவருக்கும் விழும். கைக்குழந்தையாக இருந்த தங்கையைத் தூக்கிக்கொண்டு பையன் அலமாரிக்குப் பின்னால் போய் நிற்பான். “சத்தமே போட மாட்டான். அப்போதே அவன் அப்படி ஒரு அழுத்தக்காரப் பிள்ளை” என்றார். ஆசிரியர்கள் எழுதிய அதே சொல். எதை உள்ளே அழுத்தி வைத்திருக்கிறான் என்று அதுவரை எங்களில் யாரும் கேட்கவில்லை.

சிறுவன் இரவில் மூன்று, நான்கு மணி நேரம்தான் தூங்குகிறான் என்பதும் அன்றுதான் தெரிந்தது. தூங்குமுன் வீட்டின் தாழ்ப்பாள்களை இருமுறை சரிபார்ப்பான்.

அவனோடு பேசுவது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. மூன்று அமர்வுகள் வீணாயின என்றே நினைத்தேன். நான்காவதில் முகங்களை மறுபடி காட்டி, “இந்த முறை கண்களை மட்டும் பார்” என்றேன். பயந்த முகங்கள் பத்தில் ஏழைச் சொன்னான். இதை வைத்து நான் எதையும் முடிவு செய்யவில்லை. இரக்கமின்மைப் பண்புகள் மிகுந்த பிள்ளைகளும் கண்களைப் பார்க்கச் சொன்னால் மேம்படுகிறார்கள் என்று 2006-லேயே பதிவாகியிருக்கிறது. இரு பக்க அமிக்டலாவும் சிதைந்த ஒரு பெண்ணிடம்கூட அப்படிச் சொன்னபோது அவர் பயத்தைக் கண்டுகொண்டார் என்பது 2005-இல் வெளியான செய்தி. எனவே மதிப்பெண்ணை விட்டுவிட்டேன். ஆனால் “முன்பு எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?” என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதிலை விடவில்லை.

“வாயை. கண்ணைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் நமக்கும் விழும்.”

மாடிப்படிச் சம்பவத்தைப் பற்றி ‘ஏன் செய்தாய்’ என்று பள்ளியும் காவல்துறையும் நானும் கேட்டிருந்தோம். ‘அதற்கு ஒரு நிமிடம் முன்பு என்ன நடந்தது’ என்று அன்றுதான் கேட்டேன். பின்னாலிருந்து யாரோ விளையாட்டாகக் கழுத்தைச் சுற்றிக் கைபோட்டதாகவும், திரும்பியதும் தள்ளியதாகவும், அதன் பிறகு ‘காதில் எதுவும் கேட்கவில்லை’ என்றும் சொன்னான். வகுப்புக்குப் போகலாமா என்று கேட்டது அவனுக்கு நினைவே இல்லை.

இதனால் அவன் குற்றமற்றவன் ஆகிவிடவில்லை. பைகளிலிருந்து பணம் எடுத்தது திட்டமிட்டது. இளைய மாணவர்களை மிரட்டி வேலை வாங்கியதும் நிதானமாகச் செய்ததுதான். பயத்தால் எழும் அடி ஒன்று, ஆதாயத்துக்காகச் செய்யும் அடி ஒன்று என இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருந்தன. பதற்றமும் கொடுமைக்கு ஆளான வரலாறும் உடையவர்களிடம் இரக்கமின்மை போலவே தோற்றம் தரும் ஒரு வகை உண்டு என்று 1940-களிலிருந்தே பேசப்பட்டு வருகிறது. இவன் அந்த வகைக்கு நெருக்கமானவன் என்று திருத்திக்கொண்டேன். பிறர்நல உணர்வுகள் குறைந்த வகை என்ற துணைக்குறிப்பை நீக்கவில்லை, ‘உறுதி செய்யப்படவில்லை, ஆறு மாதங்களில் மறுமதிப்பீடு’ என்று மாற்றினேன். அதிர்ச்சிக்குப் பின்னான மன அழுத்தக் கோளாறைச் சேர்த்தேன்.

இரண்டாவது முடிவு: சிகிச்சை

விசாரணைக் குழு எங்கள் அறிக்கையை ஏற்று, அவனை வீட்டிலேயே இருக்கவிட்டு, கட்டாயச் சிகிச்சைக்கும் பள்ளி மாற்றத்துக்கும் உத்தரவிட்டது.

முதலில் தங்கையின் பாதுகாப்பு. அதிர்ச்சிக்கு ஆளான பிள்ளை என்பதால் அவனால் ஆபத்தில்லை என்று நினைக்க எங்களுக்கு உரிமை இல்லை. தங்கையோடு தனியாகப் பேசினோம். அவள் அண்ணனைக் கண்டு பயப்படவில்லை என்பது உறுதியான பிறகே அடுத்த வேலைக்குப் போனோம்.

தாயோடு நடத்திய அமர்வுகள்தான் அதிகம் பலன் தந்தன என்று நினைக்கிறேன். அதுவரை தப்புச் செய்தால் அவனை அறையில் வைத்துப் பூட்டுவது அவருடைய வழக்கம். இரக்கமின்மைப் பண்புகள் உள்ள சிறுவர்களிடம் தனிமைப்படுத்தும் தண்டனை குறைவாகவே வேலை செய்கிறது, பாராட்டும் பரிசும் மற்றப் பிள்ளைகளிடம் போலவே வேலை செய்கின்றன என்று 2005-இல் ஒரு சிகிச்சை ஆய்வு சொன்னது. பூட்டிய அறையின் பொருள் வேறாக இருந்த இந்தப் பிள்ளைக்கோ அது தீங்காகவே முடிந்தது. என் கணிப்பு எந்தப் பக்கம் தவறாக இருந்தாலும் சிகிச்சை இதுதான் என்பது எனக்குத் துணிவு தந்தது. பூட்டுவதை நிறுத்தினார். நல்லதைக் கண்டவுடன் பெயரிட்டுச் சொல்லும் பழக்கத்துக்கு வர அவருக்கு இரண்டு மாதங்கள் ஆயின. ‘மூளையில் குறை’ என்று சொன்னதற்காக மகனிடம் நேரில் வருத்தம் தெரிவித்தார். அதை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

சிறுவனுக்கு அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சை வாரம் ஒருமுறை. அதோடு முகங்களைப் பார்க்கும் பயிற்சி. முதலில் படம், பிறகு என் முகம், பிறகு தாயின் முகம். புதிய பள்ளியில் ஒரே ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்கி, பின்னாலிருந்து தொட வேண்டாம், எதிரே வந்து பெயர் சொல்லி அழையுங்கள் என்று கேட்டுக்கொண்டோம்.

பின்னர் நடந்தவை

இரண்டாவது மாதத்தில் புதிய பள்ளியிலும் ஒருவனை அடித்தான். விசாரணைக் குழுவுக்குத் தெரிவித்தோம். உத்தரவு நீடித்தது, நிபந்தனைகள் கடுமையாயின. நான்காவது மாதம் சிகிச்சைக்கே வர மறுத்தான். நடந்ததைப் பேசத் தொடங்கியதும் தூக்கம் முன்னைவிட மோசமாகியிருந்தது. வேகம் அதிகம் என்று ஒப்புக்கொண்டு, ஆறு வாரங்களுக்கு வெறும் தூக்கம், மூச்சுப் பயிற்சி, அன்றாட ஒழுங்கு என்று இறங்கி வந்தேன்.

அதன் பிறகு மெல்ல நகர்ந்தது. எட்டாவது மாதத்திலிருந்து அடிதடி இல்லை. திருட்டு நிற்கவில்லை. பன்னிரண்டு மாதங்களுக்குள் இருமுறை பிடிபட்டான். ஓராண்டு முடிவில் ஆசிரியர் நிரப்பிய வினாப்பட்டியலில் மதிப்பெண் நன்றாகவே குறைந்திருந்தது, அவனே நிரப்பியதில் சிறிதளவே குறைந்திருந்தது. அவன் தன்னைப் பற்றி வைத்திருந்த அபிப்பிராயம் மற்றவர்களுடையதைவிட மெதுவாக மாறியது. தூக்கம் ஆறரை மணி நேரமாயிற்று. நாடி 82 முதல் 86 வரை. பயந்த முகங்களை யாரும் நினைவூட்டாமலேயே பத்தில் ஆறு.

பதினான்காவது மாதத்தில், யாரும் கேட்காமல், காயம்பட்ட சிறுவனுக்கு ஒரு கடிதம் எழுதினான். ஒன்பது வரிகள். ‘நீ அழுதது எனக்கு அப்போது கேட்கவில்லை, இப்போது கேட்கிறது’ என்பது அதில் ஒரு வரி. அந்தக் குடும்பம் கடிதத்தை வாங்க விரும்பவில்லை. அது அவர்களுடைய உரிமை என்று அவனிடம் சொன்னேன். தலையாட்டினான். முகத்தில் வழக்கம்போல எதுவும் தெரியவில்லை, ஆனால் அன்று அமர்வு முடிந்த பிறகும் இருபது நிமிடங்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தான். கடிதம் கோப்பில் இருக்கிறது.

துணைக்குறிப்பை ஆறாவது மாதத்தில் நீக்கினோம். பதினெட்டாவது மாதத்தில் தொடர் கண்காணிப்புக்கு மாற்றினோம். ஸ்கேன் பதிவை, தலை அசைவு காரணமாக, ஆய்வுக்குழு தன் கணக்கிலிருந்து விலக்கிவிட்டதாகப் பிற்பாடு தெரியவந்தது.

எதை மாற்றுகிறோம்

பெற்றோரைத் தனியாகச் சந்திக்காமல் இனி எந்த மதிப்பீட்டையும் முடிப்பதில்லை. இரக்கமின்மை வினாப்பட்டியலைத் தரும் அன்றே பதற்றத்தையும் அதிர்ச்சியையும் அளக்கும் வினாப்பட்டியல்களையும் தருகிறோம். முன்பு ‘தேவைப்பட்டால்’ என்றிருந்தது. உணர்ச்சி தெரியாத முகத்தைக் கண்டால் அது தேவையில்லை என்று தோன்றிவிடுகிறது. அங்கேதான் நான் தவறினேன். செவிலியரின் பதிவுகள் கோப்பின் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டன. வாராந்தரக் கூட்டத்தில் அவரும் உட்காருகிறார்.

ஆய்வு ஸ்கேனுக்கு அனுப்பும் முன், ‘இதில் உங்கள் பிள்ளையைப் பற்றிய தனி முடிவு எதுவும் வராது’ என்பதை எழுத்திலும் வாய்மொழியாகவும் சொல்கிறோம். ஆய்வுக்குழு பங்கேற்பாளர்களுக்குப் படம் தருவதாக இருந்தால் மூளையின் வடிவப் படம் மட்டுமே தருகிறது, கணக்கீட்டுப் பக்கங்களைத் தருவதில்லை. இந்த ஆய்வுகள் நடக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வெளியே ஒன்றுபோலத் தெரியும் இரு பிள்ளைகளின் உள்ளே வேறு வேறு விஷயங்கள் நடக்கலாம் என்று எனக்கு நினைவூட்டியவை அவைதான். இந்தப் பிள்ளை அவற்றில் எது என்று சொல்லும் சக்திதான் அவற்றுக்கு இன்னும் வரவில்லை.

கடைசியாக, எங்கள் கோப்பில் ஒரு பக்கம்கூட இல்லாத ஒருவனைப் பற்றி. மணிக்கட்டு முறிந்த அந்தச் சிறுவன் பல மாதங்கள் அந்த மாடிப்படியில் ஏறாமல், கட்டடத்தைச் சுற்றி மறுபுறப் படிகளில் போய் வகுப்புக்குத் தாமதமாக வந்துகொண்டிருந்தான் என்பது ஓராண்டு கழித்தே எனக்குத் தெரிந்தது. எலும்பு கூடிவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று எல்லோரும் எண்ணியிருக்கிறார்கள். அவன் எங்களிடம் அனுப்பப்படவில்லை, எனவே எங்கள் பொறுப்பில் இல்லை என்று நானும் எண்ணியிருக்கிறேன். இப்போது இத்தகைய பரிந்துரை வந்தால், முதல் வாரத்திலேயே பள்ளிக்கு எழுதும் கடிதத்தில், காயம்பட்ட பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்கிறோம். பதில் வரும் வரை மறுபடியும் கேட்கிறோம்.